கானில் (வடிகாலில்) விடுவதற்கு முன்: மாசுபட்ட நிலத்தடி நீரை இறைத்து, சுத்திகரித்து, வெளியேற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் நீர் மாதிரி எடுப்பதும் சுத்திகரிப்புத் தொகுதிகளைப் பார்ப்பதும் என் வேலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் அத்திவாரம் தோண்டும் இடங்களுக்குப் போனால் பொறியியலாளரும் கேட்கிறார், காவலாளியும் கேட்கிறார், பக்கத்து வீட்டு அம்மாவும் மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்கிறார். இந்தத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? என்ன சோதித்தீர்கள்? எவ்வளவு இருந்தால் பரவாயில்லை? திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

நிலத்துக்குள்ள இருந்து தானா ஊறி வாற தண்ணிதானே. அதைக் கானில விட எதுக்கு அனுமதி?

ஊறி வரும் வரை அது நிலத்தடி நீர். நீங்கள் பம்ப் போட்டு இறைத்து, ஒரு குழாயால் வெளியே விட்ட பிறகு அது நீங்கள் வெளியேற்றும் கழிவுநீர். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988, 2000 திருத்தங்களும் இதைத்தான் பார்க்கின்றன: உரிமத்தின் கீழும், விதித்த தரநியமங்களுக்கு அமைவாகவும்தான் கழிவைச் சுற்றாடலில் சேர்க்கலாம்.

கானுக்குள் போனால் யாரோ சுத்திகரிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீதியோரக் கான் மழைநீருக்கானது. அதில் விட்டது வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ, தெஹிவளைக் கால்வாய்க்கோ, பேர வாவிக்கோ அப்படியே போகும். நடுவில் யாரும் அதைத் தொடுவதில்லை.

கொழும்பில நிலத்தடி நீர் எப்பிடிப் பழுதாகுது? இங்க பெரிய ஆலைகள் ஒண்டும் இல்லையே?

ஆலையே வேண்டியதில்லை. பழைய பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கி துருப்பிடித்து மெல்லக் கசிந்தால் போதும். பெற்றோலும் டீசலும் தண்ணீரை விட இலேசானவை, ஆதலால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதந்து பரவும். மிதப்பதை அகற்றினாலும் கதை முடியாது. பெற்றோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன், எதில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் ஓரளவு தண்ணீரில் கரைந்து கீழேயும் பக்கவாட்டிலும் போய்விடும். இவற்றுள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது பென்சீன்.

வாகனம் திருத்தும் கராஜ், பழைய அச்சகம், உலோகப் பூச்சு வேலைத்தளம், உலர் சலவைக் கடை ஆகியவையும் உண்டு. உலர் சலவைக்குப் பயன்படுத்தும் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் எண்ணெய்க்கு எதிர்மாறு. அவை தண்ணீரை விடக் கனமானவை, அடியில் இறங்கிவிடும். ஒரு காணி இன்று வெறும் காணியாகக் கிடக்கலாம். முப்பது வருடங்களுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நான் மாதிரிப் போத்தல்களை எடுப்பேன். பல இடங்களில் வரைபடத்தில் இல்லாத விடை அவர்களிடம் இருந்திருக்கிறது.

தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கு. மணமும் இல்லை. பிறகேன் சோதனை?

லீற்றருக்கு ஐம்பது மைக்ரோகிராம் பென்சீன் கலந்த நீரைப் பார்த்தும் மணந்தும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் பென்சீன் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது அந்தத் தெளிந்த நீரில் ஐந்து மடங்கு இருக்கிறது. ஈயமும் ஆசனிக்கும் அப்படித்தான், நிறம் காட்டாது.

எதிர்மாறாகவும் நடக்கும். கலங்கி மஞ்சளாக வரும் தண்ணீரைப் பார்த்துப் பயந்து அழைப்பார்கள், சோதித்தால் வெறும் இரும்பாக இருக்கும். கண்ணை நம்பி இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

சரி, எல்லை எவ்வளவு? ஒரு இலக்கத்தைச் சொல்லுங்கோ.

ஒரே இலக்கம் இல்லை. 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் பட்டியல்கள் இருக்கின்றன. எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். ஆறு, கால்வாய், வாவி போன்ற உள்நாட்டு மேற்பரப்பு நீருக்கு விடுவதானால் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) 30, சி.ஓ.டி. (கழிவை இரசாயன முறையில் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசன்) 250, நீரில் தொங்கி நிற்கும் திண்மங்கள் 50, எண்ணெயும் கிரீசும் 10, பினோல் சேர்வைகள் 1, ஈயம் 0.1, கட்மியம் 0.1, ஆசனிக் 0.2, இரும்பு 3, பாதரசம் 0.0005. எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராமில். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 6.0க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

கடலுக்கு நேரே விடுவதற்கு வேறு பட்டியல், கழிவுநீர்க் குழாய்த் தொகுதிக்கு வேறு பட்டியல். ஒப்பந்தக்காரர்கள் சிலர் மூன்றையும் பார்த்து, தங்களுக்கு இலகுவான எண்ணைப் பொறுக்கி அறிக்கையில் போடுகிறார்கள். அது செல்லாது. குழாயின் நுனி எங்கே இருக்கிறதோ அந்தப் பட்டியல்தான்.

இந்தப் பட்டியலில பென்சீனைக் காணேல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் இளம் பொறியியலாளர். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம், ஏனென்றால் பட்டியலை உண்மையாகவே வாசித்தவர்தான் இதைக் கேட்பார். அந்தப் பொதுப் பட்டியல் ஆலைக் கழிவுநீரை மனதில் வைத்து எழுதப்பட்டது. பி.ஓ.டி., சி.ஓ.டி., எண்ணெய், பாரமான உலோகங்கள் அதில் இருக்கின்றன. பெற்றோல் கசிந்த நிலத்தடி நீரில் நாங்கள் முதலில் தேட வேண்டிய பென்சீனுக்குத் தனி எல்லை இல்லை. எண்ணெயும் கிரீசும் 10 என்ற வரிக்குள் பென்சீனும் அடங்கும் என்று நினைக்கக் கூடாது. அந்தச் சோதனையில் கரைப்பானை ஆவியாக்கும்போது பென்சீனும் சேர்ந்து பறந்துவிடும்.

எழுதப்படாத எல்லையை எழுத வைக்கலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் கொடுக்கும்போது அதில் நிபந்தனைகளைச் சேர்க்க முடியும். அங்கே பென்சீனுக்கு ஓர் எண், நான்கு சேர்வைகளின் கூட்டுத்தொகைக்கு ஓர் எண், சோதிக்கும் இடைவெளி, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். என் வேலையில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இது ஒன்றைத்தான். பட்டியலில் இல்லை என்பதற்காக அந்த இடத்தை வெறுமையாக விட்டால், மிகக் கெட்ட பொருளே சட்டபூர்வமாகக் கானுக்குள் போகும்.

அப்ப அந்த எண்ணை எங்க இருந்து எடுக்கிறது? நாங்களா கற்பனை பண்ண ஏலுமா?

கற்பனை வேண்டாம். மற்ற நாடுகளில் இதற்கென்றே எழுதிய அனுமதிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் மாசுபட்ட இடங்களில் இறைத்துச் சுத்திகரித்த நீரை மேற்பரப்பு நீரில் விடுவதற்கென்று ஒரு பொது அனுமதி 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பென்சீனுக்கு லீற்றருக்கு 5 மைக்ரோகிராம், நான்கு பெற்றோல் சேர்வைகளும் சேர்ந்து 100 மைக்ரோகிராம், மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்களுக்கு 5 மில்லிகிராம் என்று எல்லை போட்டிருக்கிறார்கள்.

எண்களை விட அவற்றுக்கு வந்த வழிதான் எனக்கு முக்கியம். முதலில், கிடைக்கும் நல்ல சுத்திகரிப்புக் கருவியால் எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்க்கிறார்கள். அப்புறம், நீர் போய்ச் சேரும் ஆறோ வாவியோ எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள். இரண்டில் எது இறுக்கமோ அதுவே எல்லை. நாங்கள் இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

நாங்கள் என்ன குடிக்கவா விடுறம்? குடிநீர்த் தரத்தைக் கொண்டுவந்து ஏன் பயமுறுத்துறீங்கள்?

நேரே குடிக்க விடவில்லைதான். ஆனால் குழாய் நுனிக்குக் கீழே யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தலேயில் எடுக்கப்படுகிறது. கடுவெல, பியகம பக்கம் ஆற்றில் சேருவது அந்த இடத்துக்கு மேலே சேருகிறது. 2015 ஆகஸ்டில் பியகமவில் ஓர் ஆலையின் டீசல் களனியில் கசிந்தபோது நகரத்தின் குழாய்நீரே தடைப்பட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மேற்பரப்பு நீரில் விட எண்ணெய், கிரீஸ் எல்லை 10 மில்லிகிராம். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன் 2013 பதிப்பில் அது 0.2. ஐம்பது மடங்கு வித்தியாசம். வெளியேற்ற எல்லைக்குள் இருக்கும் நீர், அயலில் கட்டில்லாத மண் கான் வழியாக ஒரு கிணற்றுக்குள் ஊறினால், சட்டத்தை மீறாமலே அந்தக் கிணறு பழுதாகிவிடும்.

எட்டு மடங்கு எண்டு ஏதோ சொல்லுகினம். அது என்ன?

மேற்பரப்பு நீருக்கான எல்லைகளுக்கு அடியில் ஒரு குறிப்பு உண்டு. அந்த எண்கள், வெளியேற்றும் நீருக்கு குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் ஏற்கும் இடத்தில் இருக்கும் என்ற கணிப்பில் போடப்பட்டவை. அதை விடக் குறைவாக இருந்தால் எல்லையை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

உதாரணமாக, நீங்கள் மணிக்கு 50 கன மீற்றர் விடுகிறீர்கள், கால்வாயில் மணிக்கு 200 கன மீற்றர்தான் ஓடுகிறது. நான்கு மடங்கு. நான்கை எட்டால் பிரித்தால் அரைவாசி. ஆகவே பி.ஓ.டி. 30 அல்ல, 15. ஈயம் 0.1 அல்ல, 0.05. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் எங்கள் கால்வாய்கள் ஓடுவதேயில்லை, தேங்கி நிற்கும். அப்போது இந்தக் கணக்கைப் போட்டால் எல்லை மிகவும் கீழே போய்விடும். குறிப்பில் “சுத்தமான” என்ற சொல் வேறு இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். மழைக்காலத்து ஓட்டத்தை அளந்து வருடம் முழுக்க அதையே பாவிப்பது நான் அடிக்கடி காணும் பிழை.

அப்ப நாங்களே குழாய்த் தண்ணியக் கலந்து விட்டால் எல்லைக்குள்ள வந்திடுமே?

வரும், ஆனால் அது சுத்திகரிப்பு ஆகாது. 10 கன மீற்றர் நீரில் லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் பென்சீன் இருந்தால் மொத்தம் அரைக் கிராம். அதனோடு 90 கன மீற்றர் நல்ல தண்ணீரைக் கலந்தால் லீற்றருக்கு 5 ஆகிவிடும், அறிக்கை அழகாக இருக்கும். கால்வாய்க்குப் போவது அதே அரைக் கிராம்தான். மேலே சொன்ன எட்டு மடங்கு, ஏற்கும் நீரைப் பற்றியது. உங்கள் தாங்கிக்குள் நீங்கள் கலப்பதைப் பற்றியது அல்ல. மாதிரியைக் கலப்புக்கு முந்திய இடத்தில் எடுக்க வேண்டும் என்று நிபந்தனையில் எழுதினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

எங்கட கிணத்துத் தண்ணியே பி.எச். 5 சொச்சம்தான் காட்டுது. இயற்கையா இருக்கிறதுக்கும் நாங்களா பொறுப்பு?

கொழும்பிலும் கம்பஹாவிலும் செம்பூரான் கல் நிலத்தில் நிலத்தடி நீர் இயல்பாகவே சற்று அமிலம். இரும்பும் கூட. சதுப்பு நிலத்துக் கரிமண் உள்ள இடங்களில் சி.ஓ.டி.யும் ஏறி நிற்கும். ஆனாலும் இறைத்து விடும்போது 6.0க்கு மேல் கொண்டுவரத்தான் வேண்டும். வாங்கும் கால்வாய்க்கு அமிலம் இயற்கையா செயற்கையா என்று தெரியாது. நல்ல வேளையாக இது சுலபம். காற்றூட்டினால் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறி பி.எச். தானாக ஏறும். கட்டட இடங்களில் எதிர்ப் பிரச்சினையும் உண்டு: புதுக் கொங்கிறீற்றில் பட்ட நீர் 11, 12 வரை போகும். ஒரே தளத்தில் காலையில் 5.4உம் மாலையில் 11உம் அளந்திருக்கிறேன்.

இயற்கையா, மனிதர் செய்ததா என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் வேலை தொடங்கும் முன் எடுத்த மாதிரி கையில் இருக்க வேண்டும். 2013இல் வெலிவேரியவில் கிணற்று நீர் அமிலமாகிவிட்டது, ஓர் ஆலைதான் காரணம் என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஒரு கிணற்றின் பழைய அளவீடு எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் அதற்குப் பிறகு ஒருபோதும் இலேசாக நினைத்ததில்லை. தோண்டும் முன் நாலு பக்கத்துக் கிணறுகளிலும் மாதிரி எடுங்கள். எடுத்த முடிவின் பிரதியை கிணற்றுக்காரரிடமும் கொடுங்கள்.

சுத்திகரிப்பு எண்டால் என்ன செய்வினம்? பெரிய ஆலை கட்ட வேணுமோ?

ஒரு லொறியின் பின்பக்க அளவு இடம் போதும். முதலில் எண்ணெயைப் பிரிக்கும் தாங்கி. அப்புறம் காற்றூட்டி, இரும்பைத் துருவாக்கி அடைய விடுவது. பிறகு வடிகட்டி. பிறகு நீரை மேலிருந்து விழ விட்டுக் கீழிருந்து காற்றை ஊதும் கோபுரம், அல்லது பென்சீன் போன்றவற்றை உறிஞ்சிப் பிடிக்கும் செயற்படுத்திய கரி நிரப்பிய இரண்டு உருளைகள், அல்லது இரண்டுமே.

எங்கள் ஊரில் தொகுதி பழுதாவது பெரும்பாலும் பென்சீனால் அல்ல, இரும்பால். நிலத்திலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் நீர் காற்றுப் பட்டதும் துருநிறம் ஆகும். அந்தத் துரு கரியின் மேல் படிந்தால் ஒரு வாரத்தில் உருளை அடைத்துவிடும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து இரும்பு நீக்கும் படியை விட்டுவிட்டுத் தொகுதி வைத்த ஒரு தளத்தில், பத்தாம் நாள் யாரோ குழாயைச் சுற்றிவளைத்து நேரே கானுக்கு இணைத்திருந்தார்கள். அது தெரிய வந்தது கான் ஓரத்தில் டீசல் மணம் வந்த பிறகுதான்.

காத்தை ஊதிப் பென்சீனை எடுத்தால் அது காத்துக்குள்ளதானே போகுது?

ஆம், சரியாகத்தான் கேட்டீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்ததை அயல் வீட்டு யன்னலுக்குள் அனுப்புவது தீர்வு ஆகாது. கோபுரத்தின் வெளிக்காற்றையும் கரி உருளை வழியாக விட வேண்டும். அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை போன்ற இடத்தில் கோபுரத்தையே தவிர்த்து, நீரை நேரே கரியில் விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். செலவு கூடும்.

கரியை எப்ப மாத்திறது?

நாட்காட்டி பார்த்து அல்ல. இரண்டு உருளைகளைத் தொடராக வைப்பது இதற்காகத்தான்: இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுங்கள். நடுவில் பென்சீன் தெரியத் தொடங்கினால் முதல் உருளை நிரம்பிவிட்டது. இரண்டாவது இன்னும் காக்கிறது. அப்போது முதலாவதைக் கழற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் போடுவது வழக்கம். கடைசி வாயில் மட்டும் சோதிப்பவருக்கு, எல்லை தாண்டிய பிறகுதான் செய்தி வரும். கழற்றிய கரி அபாயகரமான கழிவு. அதைக் குப்பை லொறியில் ஏற்ற முடியாது.

மாதிரியை எங்கட ஆக்களே எடுத்துக் குடுத்தால் போதாதோ? ஒரு போத்தல் தண்ணிதானே.

பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் அரைவாசி நிரப்பி, மத்தியானம் வரை மேசையில் வைத்துவிட்டு அனுப்புகிறார்கள். அந்தப் போத்தலில் பென்சீன் இருக்காது, மேலே இருந்த காற்றில் போயிருக்கும். ஆவியாகும் சேர்வைகளுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, ஒரு குமிழி கூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து 14 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். எண்ணெய்க்குத் தனிக் கண்ணாடிப் போத்தல், அதை முதலில் மாதிரி நீரால் கழுவி ஊற்றக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிவிடும். உலோகத்துக்கு நைத்திரிக் அமிலம். நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்த்த கலப்பு மாதிரி பி.ஓ.டி.க்குச் சரி, பென்சீனுக்கு ஆகாது.

இலங்கை தராதர அங்கீகாரச் சபை அங்கீகரித்த ஆய்வுகூடமா என்று மட்டும் பார்த்தால் போதாது. உங்களுக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரிப்போட்டில “கண்டறியப்படவில்லை” எண்டு வந்திட்டுது. நிம்மதிதானே?

எவ்வளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று பாருங்கள். எல்லை 5 மைக்ரோகிராம், ஆய்வுகூடக் கருவி பார்க்கக்கூடிய மிகக் குறைந்த அளவு 50 என்றால், அந்த வரியில் ஒரு செய்தியும் இல்லை. 49 இருந்தாலும் அதே சொல்தான் வரும். பணம் கட்டும் முன்பே இந்த அளவைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாதரசத்துக்கும் இதே கவனம் வேண்டும், அதன் எல்லை 0.0005 மில்லிகிராம் என்று முன்னரே பார்த்தோம்.

எல்லாம் எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனா இரவு பகலா இறைக்கினம். அது பரவாயில்லையோ?

செறிவை மட்டும் கட்டுப்படுத்தும் எல்லைக்கு இது தெரியாது. மணிக்கு 5 கன மீற்றர் என்றால் நாளுக்கு 120. ஈயம் சரியாக 0.1 மில்லிகிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 12 கிராம், 300 நாளில் 3.6 கிலோகிராம். பேர வாவி போன்ற தேங்கிய நீரில் அது எங்கும் போகாது, அடிச் சேற்றில் தங்கும். ஆகவே நிபந்தனையில் நாளொன்றுக்கான அதிகபட்ச நீரளவும் எழுதப்பட வேண்டும். குழாயில் ஓட்டமானி பூட்டி, தினமும் வாசித்து எழுத வேண்டும். ஓட்டமானி இல்லாத தளத்தின் ஆய்வு அறிக்கை பாதி அறிக்கைதான்.

மாநகர சபையின்ர கழிவுநீர்க் குழாயில விட்டால் இந்தத் தலையிடி இல்லைத்தானே?

மாநகர சபையின் அனுமதி இல்லாமல் முடியாது. கொழும்பின் பழைய குழாய்த் தொகுதி முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் நீண்ட குழாய்களால் கடலுக்குள் போய் முடிவது. நீங்கள் விடும் கரைப்பானை நடுவில் யாரும் நீக்க மாட்டார்கள். பெற்றோல் ஆவி மூடிய குழாய்க்குள் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதற்குள் இறங்கி வேலை செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும் அளவு நீரை மழைநாளில் தள்ளினால் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையால் அது மேலே வரும்.

ஒருக்கா எல்லை தாண்டிப் போச்சு. மறைச்சு அடுத்த மாதம் சரியாக்கலாமோ?

மறைக்காதீர்கள். பம்பை நிறுத்துங்கள், அல்லது நீரைத் தாங்கிக்குத் திருப்புங்கள். தொகுதியின் நுழைவு, நடு, கடைசி மூன்றிலும் அன்றே மாதிரி எடுங்கள். அதிகாரசபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். நுழைவில் திடீரென ஏறியிருந்தால் நிலத்துக்குள் புதிதாக ஏதோ வருகிறது, நுழைவு மாறாமல் நடுவில் ஏறியிருந்தால் கரி முடிந்துவிட்டது. தோண்டும் குழியில் பம்பை நிறுத்தினால் சுவர் சரியும் ஆபத்து இருக்கும், அதனால் சில மணிநேரத்து நீரைக் கொள்ளும் உதிரித் தாங்கி முதல் நாளே இருக்க வேண்டும். இடம் இல்லை என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

பக்கத்துக் காணியில இறைக்கத் தொடங்கினாப் பிறகு எங்கட கிணத்தில மண்ணெண்ணெய் மணம். அவையள் சுத்திகரிச்சுத்தான் விடுகினமாம். பிறகெப்படி?

இரண்டும் ஒன்றாக நடக்கலாம். இறைக்கும்போது நீர்மட்டம் அந்தக் குழியை நோக்கிச் சரிகிறது. பழைய பெற்றோல் செட் இருந்த பக்கத்திலிருந்து கரைந்த எண்ணெய் இழுபட்டு வரும். உங்கள் கிணறு நடு வழியில் இருந்தால் முதலில் மணப்பது உங்களுக்குத்தான். கடலோரத்தில் உப்பும் இப்படி ஏறும். வெளியேற்ற எல்லை குழாயின் நுனியை மட்டும் காக்கிறது, நிலத்துக்குள் நடப்பதைக் காண அவதானிப்புக் கிணறுகள் வேண்டும்.

தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளிக்கவும் வேண்டாம். மணம் வந்த திகதியை எழுதி வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அந்தத் தளத்தின் உரிமம், நிபந்தனைகள், சோதனை அறிக்கைகளின் பிரதிகளை அதிகாரசபையிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தமிழில் எழுதிக் கேட்கலாம்.

சுன்னாகத்தில கிணறுகளுக்கு எண்ணெய் வந்ததே. அங்க என்னதான் முடிவு?

கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர் எல்லோரும் கடைசியில் இதைக் கேட்பார்கள், என் அம்மாவின் ஊரும் அதற்கு அருகில்தான். சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகள் எண்ணெயால் மாசடைந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும், மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அமைப்புகள் கடமையில் தவறின என்றும் சொன்னது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அங்கே பேசப்பட்டது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகளூடாக எண்ணெய் வேகமாகப் போகும். கொழும்பின் செம்பூரானிலும் மணலிலும் வேறு மாதிரி நகரும். ஆனால் உரிமத்தில் என்ன எழுதியிருந்தது, அதை யார் போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

கட்டடம் முடிஞ்சுது, ஒப்பந்தக்காரர் போயிட்டார். அடித்தளக் கார் பார்க்கில பம்ப் இன்னும் ஓடுது. இப்ப யார் பொறுப்பு?

கொழும்பில் இது கூடிக்கொண்டே வருகிறது. நிலத்தடி அடுக்குகள் உள்ள கட்டடங்களில் ஊறும் நீரைச் சேர்க்கும் குழியும் பம்பும் கட்டடம் நிற்கும் வரை ஓடும். தோண்டிய காலத்து அனுமதி முடிந்துவிடும், சுத்திகரிப்புத் தொகுதியை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், தண்ணீர் மட்டும் தொடரும். இறைப்பவர் நீங்கள் என்பதால் முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இப்போது உங்கள் குடியிருப்பாளர் முகாமைத்துவக் குழுவுக்குப் பொருந்தும்.

நீண்ட காலம் இறைத்த பிறகு அளவுகள் குறைவதைக் கண்டு ஏமாறக் கூடாது. இறைப்பதை நிறுத்தி நீர்மட்டம் ஏறினால், மண்ணில் ஒட்டியிருந்தது மறுபடி கரைந்து அளவு ஏறுவது வழக்கம். மழைக்கு முன்னும் பின்னும், இரண்டு பருவத்திலும் பார்த்தால்தான் தெரியும். பொறுப்பேற்கும்போது முந்திய சோதனை அறிக்கைகளையும் ஓட்டமானிக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எதுவும் இல்லை என்றால், பம்ப் குழியில் கண்ணாடிக் குப்பிகளில் ஒரு மாதிரியை இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். அந்த நீர் எந்தக் கானில் விழுகிறது என்று உங்களில் ஒருவர் நடந்து போய்ப் பார்த்து வர வேண்டும்.